மூங்கில் தட்டியும் ஆசிட் பாட்டிலும்

வீட்டை இயற்கைக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பியதும், முதல் காரியமாக, வீட்டில் இருந்த பிளாஸ்டிக்கையெல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டேன். ஆறு நாற்காலி, மளிகை டப்பாக்கள், இரண்டு பக்கெட். ஒன்றுகூட உடையவில்லை. வண்டி தெரு திரும்பியபோது மனசுக்கு என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தது. நான் குப்பையைக் குறைக்கவில்லை, ஒரு வண்டி அதிகமாக்கியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. பழையது உழைக்கிற வரை உழைக்கட்டும். புதிதாக வாங்கும்போது மாற்றினால் போதும்.

அடுத்த தவறு பால்கனிக்கு வாங்கிய மூங்கில் தட்டி. மாலை வெயில் அதில் சல்லடையாக விழுவது அவ்வளவு அழகு. மூன்றாம் மாதம், காலையில் பெருக்கினால் தட்டிக்கு நேர் கீழே கடலை மாவு சிந்தியதுபோல ஒரு கோடு. மறுநாளும் அதே கோடு. கிட்டப்போய்ப் பார்த்தால் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள். தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்காக வரும் வண்டு அது. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால் மாவுச்சத்து பெருமளவு கரைந்துவிடும். போராக்ஸும் போரிக் ஆசிடும் கலந்த கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. இதில் எதையாவது செய்தார்களா என்று கடையில் நான் கேட்கவே இல்லை, நிறத்தைத்தான் பார்த்தேன். அப்புறம் பதறிப்போய் வார்னிஷ் அடித்தேன். உள்ளே குடியிருக்கும் வண்டுக்கு அது கூரை வேய்ந்து கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஆத்தங்குடி டைல்ஸ் விஷயத்தில் நடப்பது இன்னும் வயிற்றெரிச்சல். சித்தி வீட்டில் ஆசையாகப் போட்டார்கள். வேலை முடிந்து தரையில் திட்டுத்திட்டாகச் சிமெண்ட் கறை. வேலையாள் ஒருவர் ஆசிட்டை ஊற்றி, "பாருங்கம்மா, எப்படி நுரைச்சு அழுக்கு வருது" என்றார். நுரைத்தது அழுக்கு இல்லை, டைல்ஸேதான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறி இறுகுவது. அந்தக் கண்ணாடிதான் அதற்கு வழவழப்பைக் கொடுக்கிறது. சிமெண்டை ஆசிட் அரிக்கும், எலுமிச்சைச் சாறுகூட மெல்ல அரிக்கும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். சித்தி வீட்டுக் கூடத்தில் அந்த ஒரு மூலை மட்டும் இன்றும் வெளுத்துக் கிடக்கிறது; மேலே ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்திருக்கிறார்.

கோரைப் பாயை மடிக்காமல் சுருட்ட வேண்டும், ஈரத்தோடு சுருட்டக் கூடாது. பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான், நமக்குத்தான் மறந்துவிட்டது.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று படுக்கையறை முழுக்கச் செடி வைப்பதும் வேண்டாம். அந்தப் பேச்சுக்கு மூலமான 1989 நாசா ஆய்வு மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் வரும் காற்று நாலு தொட்டியைவிட அதிகம் செய்யும். பிடித்திருந்தால் வையுங்கள், தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், கொசு வரும்.

பால்கனியில் இப்போது ஒரு பழைய நூல் புடவை தொங்குகிறது. சாயம் ஒரு பக்கம் போய்விட்டது. கிழிந்தால் கரித்துணியாக்க அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.