கொழுஞ்சியா, அவுரியா? மணல்காட்டில் இனங்காணும் வழி

குமரிக் கடற்கரையில் அலை எட்டாத மேட்டு மணல், முட்டம் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேடு, தென்னந்தோப்பு ஓரம், தரிசு நிலம்: பயறுக் குடும்பத்துச் செடியான கொழுஞ்சியைத் தேட வேண்டிய இடங்கள் இவை. அவுரியும் அதே குடும்பம், பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். கரையை ஒட்டி ஊதாப் பூவோடு படர்ந்து கிடப்பது அநேகமாக அடம்பு. அது பயறுக் குடும்பமே அல்ல. கிள்ளினால் பால் வடியும்.

கொழுஞ்சி முழங்கால் உயரத்துக்குக் கிளைத்து நிற்கும். ஆடுமாடு மிதிக்கும் இடத்தில் தரையோடு படிந்திருக்கும், ஆகவே உயரத்தை நம்ப வேண்டாம். ஒரு காம்பில் சிற்றிலைகள் ஒற்றைப்படையில், பெரும்பாலும் 11 முதல் 21 வரை. நுனியில் ஒன்று தனித்து நிற்கும்.

இனி முக்கியமான சோதனை. முற்றிய, வாடாத சிற்றிலை ஒன்றின் நுனியை ஒரு கையிலும் அடியை மறு கையிலும் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். நேராக அறாமல், ஒரு துண்டு அம்புமுனையாகவும் மறு துண்டு கவையாகவும் பிரியும். பக்க நரம்புகள் சாய்வாக, நெருக்கமாக, இணையாக ஓடுவதால் கிழிசலும் அவற்றின் வழியே போகிறது. கொழுந்திலும் வெயிலில் துவண்ட இலையிலும் இது சரியாக வராது. பலரும் ஏமாறுவது இங்கேதான். நாலைந்து இலையில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து பூங்கொத்து புறப்படும் இடம். கொழுஞ்சியில் அது கணுவில் இலைக்கு எதிர்ப்பக்கம் கிளம்பி நீண்டு நிற்கும். அவுரியில் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலிருந்து வரும், இலையைவிடக் குட்டை. இரண்டிலும் பூ சிறியது, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது வீண்வேலை.

காய் கிடைத்தால் வேலை சுலபம். கொழுஞ்சிக்காய் தட்டையாக, 3 முதல் 5 செ.மீ. நீளத்தில், முனை சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அவுரிக்காய் குச்சிபோல் உருண்டு மெலிந்தது. காயை வெள்ளை மயிர் அடர்த்தியாகப் போர்த்தியிருந்தால் அது கொழுஞ்சியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு செடி. மஞ்சள் பூவும், உலுக்கினால் சலசலக்கும் ஊதிய காயும் என்றால் கிலுகிலுப்பை.

பூவும் காயும் இல்லாத நாளில் சிற்றிலைகளோடு ஓர் இலைக்காம்பைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவிடுங்கள். கருநீலமாகக் கறுத்தால் அவுரி. படம் எடுத்து யாரிடமாவது கேட்பதானால் பூவை மட்டும் அனுப்பிப் பயனில்லை. கொத்து கிளம்பும் கணுவும், பக்கத்தில் அளவுகோல் வைத்த காயும் படத்தில் தெரிய வேண்டும். வேரோடு பிடுங்கத் தேவையே இல்லை. பறித்த கொழுஞ்சித் தழையைக் குளத்தில் எறியாதீர்கள். அதன் சாறு மீனை மயக்கும்.