முதல் டிராக் டே: காரைத் தயார் செய்வது முதல் வீடு திரும்புவது வரை

டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள். அதற்குப் பெயர் கொடுத்ததும் புதியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ரீமேப் பண்ணலாமா (என்ஜின் கம்ப்யூட்டரை மாற்றிப் பவரைக் கூட்டுவது), எக்ஸாஸ்ட் மாத்தலாமா?" என்பதுதான். இரண்டும் வேண்டாம். உங்களிடம் இருப்பது போர்ஷே 718 ஆனாலும் சரி, பழைய போலோ ஜிடி ஆனாலும் சரி, கம்பெனி கொடுத்த பவரையே முதல் நாளில் முழுதாகப் பயன்படுத்த முடியாது. அந்தக் காசில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், நல்ல பிரேக் பேட் போடுங்கள், டயர் காற்றை அளக்க நம்பகமான பிரஷர் கேஜ் ஒன்று வாங்குங்கள்.

இங்கே நான் மனதில் வைத்து எழுதுவது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் திறந்த டிராக் இது. முழுச் சுற்று 3.717 கி.மீ., 12 வளைவுகள். கோவைக்காரர்களுக்கு செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அது இன்னும் சின்னது, ஆனால் செய்ய வேண்டிய வேலைகள் அதேதான்.

1. முதலில் பாலிசியைப் படியுங்கள்

உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கு ஓட்டுவது, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இதெல்லாம் கவர் ஆகாது என்று அதில் இருக்கும். டிராக் டே பந்தயம் இல்லையே என்று வாதாடலாம்தான், ஆனால் க்ளெய்ம் கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். காரில் எது உடைந்தாலும் நம் கைக்காசு என்று வைத்துக்கொண்டால்தான் ஆக்ஸிலரேட்டர் மேல் கால் அளவாக இருக்கும்.

உடைக்கு முழுக்கை பருத்திச் சட்டை, முழு பேன்ட், மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போதும். ஹெல்மெட் மட்டும் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிலர் பைக் ஹெல்மெட்டை அனுமதிப்பார்கள். கார் பந்தயத்துக்கு என்றே வருவது ஸ்னெல் எஸ்ஏ என்ற தரமுத்திரை போட்டது. அதன் உள்துணி எளிதில் தீப்பிடிக்காது.

2. பிரேக்: இங்கேதான் செலவு செய்ய வேண்டும்

வேகம் கூடக் கூட பிரேக் தாங்க வேண்டிய வெப்பம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 100 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைப்பதோடு ஒப்பிட்டால், 140-லிருந்து 60-க்குக் குறைக்க இரண்டரை மடங்கு வெப்பத்தை டிஸ்க்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் அப்படி ஒரு முறை மிதித்தால் அப்புறம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். டிராக்கில் அடுத்த வளைவு சில நொடிகளில் வந்துவிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்த ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கொதித்த ஆயிலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது.

அதனால் டிராக்குக்குப் போகிற வாரத்தில் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கச் சொல்லுங்கள். 300 டிகிரிக்கு மேல் தாங்குகிற ரேஸிங் ஆயில்களும் கிடைக்கின்றன. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது ஒத்துப்போகும். டப்பாவை இரண்டு முறை படியுங்கள்.

பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். புதுசு போட்டால் கம்பெனி சொன்ன முறையில் சாலையிலேயே பதப்படுத்திவிட்டுத்தான் டிராக்குக்கு வர வேண்டும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். பெடல் மெத்தென்று உள்ளே போகிறது என்றால் ஆயில் கொதித்துவிட்டது. வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்து அழுத்தத்தை ஏற்றி, கியரைக் குறைத்து, பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் கார்கள் நிறுத்தும் இடத்துக்கு, வந்துவிடுங்கள். பிரேக் குழாயில் திரும்பக் காற்று எடுக்கும் வரை அந்தக் கார் டிராக்குக்குள் போகக் கூடாது, ஆறிய பிறகு பெடல் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும்.

3. டயரும் காற்றும்

புது டயர் தேவையில்லை. பக்கவாட்டில் வெடிப்போ உப்பலோ இல்லாமல், நூல் தெரியாமல் இருந்தால் போதும். கவனிக்க வேண்டியது காற்றழுத்தம். டயர் சுமார் 5 டிகிரி சூடானால் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏறும் என்பது தோராயக் கணக்கு. காலை ஏழு மணிக்கு நான்கிலும் 32 வைத்து இறங்கினால், நான்கைந்து சுற்றுக்குப் பிறகு முன்னால் 40, பின்னால் 37 என்று கேஜ் காட்டுவது சாதாரணம். அவ்வளவு காற்றோடு ஓடினால் டயரின் நடுப்பகுதிதான் அதிகம் வேலை செய்யும், வண்டி வழுக்கும்.

செஷன், அதாவது டிராக்கில் ஒரு தவணை ஓட்டம், முடிந்து பிட்டுக்குள் நின்ற மறுநிமிடமே அளக்க வேண்டும், டீ குடித்துவிட்டு அல்ல. சூடான நிலையில் 35-ஐ ஒட்டி வரும்படி காற்றை இறக்குங்கள். சாலை டயர்களுக்கு அது நல்ல ஆரம்பம். அப்புறம் டயரின் தோள்பட்டையை, அதாவது ஓடும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பை, பாருங்கள். பெரும்பாலான டயர்களில் அங்கே சின்ன முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அந்தக் குறியைத் தாண்டிப் பக்கச் சுவர் வரை இறங்கியிருந்தால் காற்று போதாது, டயர் மடங்குகிறது. குறிக்கு நிறைய முன்னாலேயே நின்றுவிட்டால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். ஒவ்வொரு எண்ணையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பத்து மணிக்குச் சரியாக இருந்தது மதிய வெயிலில் சரியாக இருக்காது.

கேம்பர் பற்றி நிறையப் பேசுவார்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். ரோட்டுக்கு 1 டிகிரிக்கும் குறைவாக வைப்பார்கள், டிராக்குக்கு 2, 3 வரை போவார்கள். அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால் செய்யலாம். முதல் தடவைக்கு, கம்பெனி அளவில் அலைன்மென்ட் நேராக இருந்தாலே போதும்.

4. முந்தின நாள்

டிக்கியைக் காலி செய்யுங்கள். மிதியடியை எடுத்துவிடுங்கள், அது பெடலுக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் டோ ஹூக்கைத் தேடி எடுத்து, பம்பரில் உள்ள துளையில் ஒரு முறை திருகிப் பாருங்கள். மண்ணில் இறங்கிய காரை இழுக்க அதுதான் வேண்டும், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. என்ஜின் ஆயில், கூலன்ட் பாருங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ரெஞ்சை டிராக்குக்கும் எடுத்துப் போங்கள், முதல் செஷனுக்குப் பிறகு ரிம் ஆறியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

5. கொடிகள்

காலையில் ஓட்டுநர் கூட்டம் நடக்கும். அதைத் தவறவிட்டால் டிராக்குக்குள் விட மாட்டார்கள், விடவும் கூடாது. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாக பிட்டுக்கு வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் ரோட்டில் ஆயிலோ தண்ணீரோ இருக்கிறது. கறுப்பை உங்களுக்குக் காட்டினால் உடனே உள்ளே வர வேண்டும். முந்துவது நேர்பாதையில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் கைகாட்டிய பிறகு. இந்த விதி ஏற்பாட்டாளருக்கு ஏற்பாட்டாளர் மாறும், கூட்டத்தில் கேளுங்கள்.

6. முதல் செஷன்

சீட்டை வழக்கத்தைவிட முன்னால் இழுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும். கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஈஎஸ்பியை அணைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

முதல் இரண்டு மூன்று சுற்று டயரும் பிரேக்கும் சூடேறவும், கண் பழகவும்தான். ஒவ்வொரு வளைவுக்கும் எங்கே பிரேக் போடுவது என்று அசையாத ஒரு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை, கெர்ப் (டிராக் ஓரத்து விளிம்புக் கட்டு) தொடங்கும் இடம், கொடி காட்டும் மார்ஷலின் கூண்டு, எதுவானாலும் சரி. நிழலைக் குறிக்காதீர்கள், அது நகரும்.

7. ஒரு வளைவை எடுப்பது

வலப்பக்க வளைவு என்று வைத்துக்கொள்வோம். கார் ரோட்டின் இடது ஓரத்தில் இருக்க வேண்டும். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே பிரேக், அதுவும் முதல் மிதியே பலமாக. சாலையில் நாம் மெல்லத் தொடங்கிக் கடைசியில் அழுத்துவோம், இங்கே அது தலைகீழ். வேகம் குறையக் குறைய காலை மெதுவாக எடுங்கள். திடீரென்று விட்டால் முன்பக்கம் எழும்பி, முன் டயரின் பிடிப்பு போய்விடும். கியரைக் குறைத்து முடித்த பிறகு, ஒரே சீரான அசைவில் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். கண் அதற்குள் உள்பக்க ஓரத்தை, அதாவது அபெக்ஸை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தொடும்போது பார்வை வெளியேறும் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

புதியவர்கள் அபெக்ஸைச் சற்றுத் தாமதமாகவே தொடுவது நல்லது. சீக்கிரம் உள்ளே நுழைந்தால் வளைவு முடியுமிடத்தில் ரோடு போதாமல் மண்ணுக்குப் போவீர்கள். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. திருப்புவதற்குச் செலவழித்தது போக மிச்சம்தான் ஆக்ஸிலரேட்டருக்கு. ஸ்டியரிங் நேராகிக்கொண்டு வர வர காலை அழுத்துங்கள், காரை இடது ஓரம் வரை தானாக விரியவிடுங்கள்.

வளைவின் நடுவே வேகம் அதிகம் என்று தோன்றினால் போலோ போன்ற முன்சக்கர இழுவை வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் பயனில்லை, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். என்ஜின் நடுவில் உள்ள 718-இல் காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்று வரும். அங்கே தளர்த்துவதும் மெதுவாகத்தான். மண்ணுக்குள் இறங்கியே தீரும் என்றால் நேராகவே இறங்குங்கள். திரும்ப ஏற வேண்டும் என்று ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பதில்தான் கார் உருளுகிறது.

8. பிட்டுக்குத் திரும்பியதும், வீட்டுக்கும்

செஷனின் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். தகிக்கிற டிஸ்க்கை பேட் கவ்விக்கொண்டால் அந்த இடம் மட்டும் ஆறாமல் பாழாகும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்துவிட்டு, மேனுவல் காரானால் கியரில் நிறுத்துங்கள். டர்போ வண்டியை ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். நீங்களும் தண்ணீர் குடியுங்கள். மதியம் தலை கனக்கத் தொடங்கினால் கடைசி செஷனை விட்டுவிடலாம், பெரும்பாலான கார்கள் மண்ணில் இறங்குவது அந்த நேரத்தில்தான்.

கிளம்பும் முன் டயரில் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுங்கள். ஆறிய பிறகு அது சாலைக்குத் தேவையான அளவைவிட நன்றாகக் கீழே இருக்கும். நட்டுகளை ஒரு முறை சரிபார்த்து, டோ ஹூக்கைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஸ்ரீபெரும்புதூர் சாலையில் சாயந்திரம் லாரி நெரிசல் இருக்கும், நாள் முழுக்க வேகத்தில் இருந்துவிட்டு வந்ததால் 100 கூட ஊர்வது போலத் தோன்றும். ஸ்பீடோமீட்டரைப் பார்த்து ஓட்டுங்கள். மறுநாள் பேட் தடிமனை அளந்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த டிராக் டேவுக்கு அது தாங்குமா என்று அப்போதே தெரிந்துவிடும்.