பீன்யாவில் பழைய குரோம் முலாம் பட்டறையைச் சுத்தம் செய்த அனுபவம்

தையல் யூனிட் போடுவதற்காகப் பெங்களூரு பீன்யாவில் ஒரு ஷெட் வாங்கினோம். முன்பு அது குரோம் முலாம் பூசும் பட்டறை. பெயின்ட் அடித்தால் போதும் என்றார் புரோக்கர். ஆனால் தொட்டிகள் இருந்த மூலையில் தரை அரித்துப்போய், வெடிப்புகளில் மஞ்சள் பூத்திருந்தது. அது குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம்-6 ஆக இருக்கலாம். தண்ணீரில் எளிதில் கரையும், தூசியாக மூச்சில் போனால் புற்றுநோய் வரவைக்கும் என்பதால் யாரையும் பெருக்கவே விடவில்லை.

பழைய தொழிலாளிகளைக் கூட்டிவந்து தொட்டி, வடிகால், கழிவுநீர்க் குழி எங்கெங்கே இருந்தன என்று சாக்பீஸால் தரையில் வரைந்தோம். இதுதான் பாதி வேலை. அந்த இடங்களில் மட்டும் ஆய்வகத்தார் வெவ்வேறு ஆழங்களில் மண் எடுத்தார்கள், போர்வெல் தண்ணீரையும் எடுத்தார்கள். குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, எங்களுடையது தாண்டியது. அன்றே போர்வெல்லை மூடிவிட்டு டேங்கருக்கு மாறினோம்.

அப்புறம் தூசி எழாமல் லேசாக நனைத்துத் தரையை உடைத்து, மோசமான மண்ணை மூட்டை கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்பினோம். லாரியோடு போகும் மேனிஃபெஸ்ட் (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் ஆவணம்) நகலைப் பத்திரமாக வையுங்கள், 2016 அபாயக் கழிவு விதிகளின்படி அது கட்டாயம். மீதி மண்ணில் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பின் கரைசலைக் கலந்தோம். குரோமியம்-6 அதனால் குரோமியம்-3 ஆகும், அது அவ்வளவு எளிதில் கரையாது. மறுபடி மண்ணைச் சோதித்து, அறிக்கை சரியாக வந்த பிறகே காங்கிரீட் போட்டோம். போர்வெல்லை இன்னும் திறக்கவில்லை.