வாக்காளர் பதிவும் விவரச் சரிபார்ப்பும்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு

2021 நவம்பர் 1 அன்று நடந்த நகராட்சித் தேர்தலில் வாக்களிப்பதற்காக என் பெரியம்மா, டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் தாம் வசிக்கும் வீட்டுக்கு அருகே உள்ள பள்ளிக்கூடத்தில் காலையிலேயே போய் வரிசையில் நின்றார். அவருடைய அடையாளப் புத்தகத்தைச் சரிபார்த்த அலுவலர், அவர் பெயர் இன்னும் டர்பனின் வேறொரு பகுதியான மெரிபேங்கில்தான் பதிவாகியிருக்கிறது என்று பணிவாகச் சொன்னார். பெரியப்பா காலமானபின் மகள் வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அவருடைய பதிவை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. மெரிபேங்குக்கு அழைத்துச் செல்ல அன்று வண்டியும் கிடைக்காததால் அவர் வாக்களிக்காமல் வீடு திரும்பினார். அந்தத் தவறு வேறு எந்தக் குடும்பத்திலும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் பலர், "தொண்ணூற்று நான்கிலேயே ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள், எங்களுக்கு எதற்குப் பதிவு?" என்று கேட்பார்கள். எல்லா இனத்தவரும் வாக்களித்த, 1994 ஏப்ரல் இறுதியில் நடந்த அந்த முதல் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் என்று ஒன்று தயாரிக்கப்படவே இல்லை. தகுந்த அடையாள ஆவணத்தைக் காட்டியவர்கள் எந்தச் சாவடியிலும் வாக்களித்தார்கள். இன்றுள்ள நாடு தழுவிய பொதுப் பட்டியல் முறை 1999 தேர்தலிலிருந்துதான் வந்தது. ஆகவே 1994இல் வாக்களித்தது இன்று பதிவாகக் கணக்கில் வராது என்பதைப் பாட்டி, தாத்தாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

முதலில், பதிவு இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் 13 இலக்க அடையாள எண்ணை 32810 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், நீங்கள் பதிவானவரா என்பதும் உங்கள் வாக்குச்சாவடி எது என்பதும் பதிலாக வரும். இதற்கு ஒரு ராண்ட் செலவாகும். தேர்தல் ஆணையத்தின் 0800 11 8000 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும், அதன் இணையதளத்திலும் இதே விவரத்தைப் பெறலாம். ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு எல்லோரும் கூடும்போது ஒருவர் கைப்பேசியைக் கொண்டே வீட்டிலுள்ள அத்தனை பேரின் பதிவையும் பார்த்துவிடலாம்.

பதிலில் வரும் சாவடியின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். "பதிவாகியிருக்கிறது" என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதியடைந்து நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. நகராட்சித் தேர்தலில் நீங்கள் பதிவான வட்டாரத்துச் சாவடியில் மட்டுமே வாக்களிக்க முடியும். உங்கள் தெருவின் வடிகால், விளக்கு, குப்பை ஆகியவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அது. வார்டு எல்லைகளும் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றப்படுவதால், வீடு மாறாதவர்களுக்கும் சாவடி மாறியிருக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடிழந்து உறவினரிடம் குடியேறியவர்கள், திருமணமாகி டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்குச் சென்ற பெண்கள், படிப்புக்காக ஜோகன்னஸ்பர்க்கில் தங்கியிருக்கும் பிள்ளைகள் ஆகியோர் கட்டாயம் பார்க்க வேண்டும். வீடு மாறாமல், சாவடியும் சரியாக இருந்தால் மீண்டும் பதிவு செய்யத் தேவையில்லை.

பெயரைப் பொறுத்தவரை ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். படையாச்சி, மூட்லி, பிள்ளை போன்ற நம் குடும்பப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருக்கின்றன. அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு வேறொரு எழுத்து. பட்டியலில் உள்ள பெயர் உள்துறை அமைச்சின் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து வருவதால், பிழையான எழுத்தையோ திருமணத்துக்குப் பின் மாறாத குடும்பப் பெயரையோ உள்துறை அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும்.

பதிவு செய்யவோ முகவரியை மாற்றவோ, ஆணையத்தின் இணையதளத்தை எந்நேரமும் பயன்படுத்தலாம். அலுவலக நேரத்தில் அதன் உள்ளூர் அலுவலகத்துக்குச் செல்லலாம். பதிவுக்கென்று அறிவிக்கப்படும் வார இறுதியில் உங்கள் வாக்குச்சாவடிக்கே போகலாம். நேரில் போனால் பட்டைக்குறியுள்ள பச்சை அடையாளப் புத்தகமோ, ஸ்மார்ட் அடையாள அட்டையோ, தற்காலிக அடையாளச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் நகல்களும் ஏற்கப்படமாட்டா. முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள் என்பது, பிறர் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் உண்மையில் வசிக்கும் இடத்தையே தர வேண்டும், பொய்யான முகவரி தருவது குற்றமாகும். புதிய பதிவு நிறைவேறியதும் பழைய இடத்திலிருந்து பெயர் நீங்கிவிடும்.

குடிமக்கள் 16 வயதிலேயே பதிவு செய்துகொள்ளலாம். வாக்குரிமை 18 வயதில் வரும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அடையாள அட்டை வாங்கும் நாட்களிலேயே இதையும் முடித்துவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து கோவில்களில் பணிபுரியும் நிரந்தரவாசிகளுக்கு, அடையாளப் புத்தகம் இருந்தாலும் வாக்குரிமை இல்லை. அடையாள எண்ணின் 11ஆம் இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரவாசி என்று பொருள்.

காலக்கெடுதான் பலரை ஏமாற்றுகிறது. தேர்தல் தேதி அரசிதழில் முறைப்படி அறிவிக்கப்படும் நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். அந்த அறிவிப்பு வாக்களிக்கும் நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே வந்துவிடும்; சுவரொட்டிகளும் கூட்டங்களும் களைகட்டும்போது நினைவு வந்து ஓடினால் பயனில்லை. நகராட்சி மன்றங்களின் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடிந்து 90 நாட்களுக்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. நாட்களை அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே அலுவலர்கள் வந்து வாக்குப் பெறும் சிறப்பு ஏற்பாடு உண்டு. குறித்த நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரியவரின் பதிவும் அவர் இப்போது இருக்கும் வீட்டு வட்டாரத்தில் இருக்க வேண்டும். என் பெரியம்மாவின் பதிவைச் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றியபின், 32810இலிருந்து வந்த பதிலை அவர் தம் பச்சைப் புத்தகத்தின் உள்ளே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்.