ஜெரி ஓர்பாக்கைக் காதால் பார்ப்பது எப்படி

'லா அண்ட் ஆர்டர்' என்ற அமெரிக்க போலீஸ் தொடரில் நீளக் கோட்டு மாட்டிக்கொண்டு, பிணத்தைக் குனிந்து பார்த்து ஒரு நக்கல் வரியைப் போட்டுவிட்டு நகர்வாரே துப்பறிவாளர் லெனி பிரிஸ்கோ, அந்த வேஷம் போட்ட ஜெரி ஓர்பாக் அதற்கு முன் 30 வருஷம் மேடையில் பாடிப் பிழைத்தவர் என்று சொன்னால் எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாததில் தப்பில்லை. டிவியில் செய்தது எல்லாம் இருக்கிறது, மேடையில் செய்தது திரை விழுந்ததோடு போச்சு. ஓர்பாக் மாதிரி ஒருவரின் தொழில் வாழ்க்கையை முழுசாகப் பார்க்க ஆசைப்பட்டால் முகத்தை விட்டுவிட்டுக் குரலைப் பிடியுங்கள். குரல்தான் 1960லிருந்து விடாமல் கிடைக்கிறது.

முதலில் 'தி ஃபென்டாஸ்டிக்ஸ்' இசைத்தட்டு. 1960 மே மாதம் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், சுமார் 150 பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி அரங்கில் தொடங்கி, 2002 ஜனவரி வரை 17,162 காட்சிகள் ஓடிய நாடகம் அது. அதில் கதை சொல்லும் எல் கேயோ வேஷத்தை முதலில் போட்டவர் இவர்தான், அப்போது வயது 24. 'ட்ரை டு ரிமெம்பர்' பாட்டை ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். வாத்தியம் பெரும்பாலும் பியானோவும் ஹார்ப்பும்தான். அவரும் உரக்கப் பாடவில்லை, பக்கத்து நாற்காலிக்காரரிடம் பழைய கதை சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இறக்கி வைக்கிறார். அந்த இறக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிரிஸ்கோவிடம் போகும்போது வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளைத்தான் பிராட்வே என்பார்கள், அதன் அதிகாரபூர்வ இணையத் தரவுத்தளமான ஐபிடிபியில் (IBDB) ஓர்பாக் பெயரைத் தட்டினால் இந்த நாடகம் வராது. ஏனென்றால் அது பிராட்வே இல்லை, ஆஃப்-பிராட்வே. 500 இருக்கைக்குக் கீழே போனாலே அது வேறு கணக்கு, வேறு பதிவேடு. அதற்கு ஆஃப்-பிராட்வே நாடகங்களைப் பதிந்து வைக்கும் லார்டெல் (Lortel) ஆவணத் தளத்தில் தேட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால்தான் ஒரு மேடை நடிகரின் வருஷங்கள் சரியாகக் கோர்வையாகும், இல்லாவிட்டால் 'இந்த இரண்டு வருஷம் மனுஷன் சும்மா இருந்தாரா' என்று குழம்பிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் இந்த மூன்றையும் வரிசையாக எடுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 1961ல் 'கார்னிவல்'. அதில் இவர் கால் ஊனமான, சிடுசிடுப்பான பொம்மலாட்டக்காரர். நேரில் அன்பாக ஒரு வார்த்தை வராது, பொம்மையின் வாய் வழியாகத்தான் தான் விரும்பும் பெண்ணிடம் மனசைத் திறப்பார். 1975ல் 'சிகாகோ'. இப்போது வக்கீல் பில்லி ஃபிளின். நிருபர்கள் கூட்டத்துக்கு நடுவில் கொலைக் குற்றவாளி ராக்ஸியைப் பொம்மை போல மடியில் உட்காரவைத்து, அவள் சொல்ல வேண்டிய பதில்களையெல்லாம் தானே அவள் குரலில் பாடுகிறார். 1991ல் டிஸ்னியின் கார்ட்டூன் படம் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. அதில் பிரெஞ்சு உச்சரிப்போடு பேசும் மெழுகுவத்தி விளக்கு லூமியேர். முதலில் கூச்சத்துக்குப் பொம்மை, பிறகு பித்தலாட்டத்துக்குப் பொம்மை, கடைசியில் தானே பொம்மை. யாரோ திட்டம் போட்டுக் கொடுத்தது போல இருக்கிறது, ஆனால் யாரும் போடவில்லை, வந்த வேலையைச் செய்திருக்கிறார், அவ்வளவுதான். இதற்கு நடுவில் 1968ல் 'ப்ராமிசஸ், ப்ராமிசஸ்'. பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருது, சிறந்த நடிகருக்கானது, அதற்குத்தான் கிடைத்தது. அதையும் கேளுங்கள்.

ஆல்பம் வாங்கும்போது வருஷத்தைப் பாருங்கள். நான் அவசரத்தில் 1996 மறு அரங்கேற்றத்தின் 'சிகாகோ'வை வாங்கிவிட்டு, பாதி கேட்ட பிறகுதான் இது அவர் குரலே இல்லையே என்று உறைத்தது. உறையில் 1975 என்று இருக்க வேண்டும், கூடவே க்வென் வெர்டன், சீட்டா ரிவேரா பெயர்களும். இன்னொன்று, ஆல்பம் நாடகம் ஆகாது. எல்பி தட்டில் இடம் போதாமல் வசனத்தைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். கண்ணாலும் பார்க்க வேண்டுமென்றால் டோனி விழா ஒளிபரப்பில் அவர் பாடிய சில நிமிடங்கள் யூடியூபில் அகப்படும். லிங்கன் சென்டரில் இருக்கும் நியூயார்க் பொது நூலகக் கிளையில் 1970 முதல் மேடை நாடகங்களைப் படம்பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். ஆனால் முன்கூட்டியே நேரம் வாங்கி, அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க முடியும், வீட்டுக்கு வராது.

இவ்வளவு கேட்ட பிறகு டிவிக்கு வாருங்கள். 'லா அண்ட் ஆர்டர்' முதல் சீசனிலிருந்து தொடங்காதீர்கள், அவர் அதில் கிடையாது. இரண்டாம் சீசனில், 1991ல், எதிர்த்தரப்பு வக்கீலாக ஒரே ஒரு எபிசோடுக்கு வருவார், அதை முதலில் பாருங்கள். நியூயார்க்கிலேயே எடுத்த தொடர் என்பதால் மேடை நடிகர்களுக்கு அது ஒரு சத்திரம் மாதிரி, வந்து ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இவர் 1992ல் பிரிஸ்கோவாகத் திரும்பி வந்து 2004 வரை தங்கிவிட்டார். கடைசி சில வருஷங்களில் கூட்டாளியாக வரும் ஜெஸ்ஸி எல். மார்ட்டினும் பிராட்வேக்காரர், 'ரென்ட்' நாடகத்தின் முதல் குழுவில் இருந்தவர். அவர்கள் இரண்டு பேரும் காரில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொள்ளும் காட்சிகளில், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு எபிசோடிலும் தலைப்பு ஓடுவதற்கு முந்தின வரியைக் கேளுங்கள். சிரிக்க வைக்கிற வரிதான், ஆனால் அழுத்த மாட்டார், கடைசி வார்த்தையை இறக்கிவைத்துவிட்டு நடப்பார். 1960ல் கேட்ட அதே இறக்கம். ஒரே ஒரு எபிசோடுக்குத்தான் நேரம் என்றால் 1996ன் 'ஆஃப்டர்ஷாக்' பாருங்கள், பல வருஷம் குடியை விட்டிருந்த பிரிஸ்கோ மறுபடி கிளாஸைத் தொடுகிற கதை. அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

2004 டிசம்பர் 28ல், 69 வயதில், புற்றுநோயில் போனார். அவர் நடித்து வைத்திருந்த இரண்டு எபிசோடுகள் 'ட்ரயல் பை ஜூரி' என்ற கிளைத் தொடரில் அடுத்த மார்ச்சில்தான் வந்தன. கண்களைத் தானம் செய்திருந்தார்.

நியூயார்க் போகிற வாய்ப்பு யாருக்காவது கிடைத்தால், எட்டாவது அவென்யூவும் 53ஆம் தெருவும் சந்திக்கிற மூலையில் நிமிர்ந்து பாருங்கள், 'ஜெரி ஓர்பாக் வே' என்று பலகை இருக்கும். அங்கிருந்து தெற்கே நடங்கள். 50ஆம் தெரு வந்ததும் பிராட்வே பக்கம் திரும்பினால் விண்டர் கார்டன். 1980 ஆகஸ்ட் 25ல் '42வது ஸ்ட்ரீட்' அரங்கேறி, கைதட்டல் ஓயாமல் இருக்கும்போது தயாரிப்பாளர் டேவிட் மெரிக் மேடையேறி, இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று காலையில் இறந்துவிட்டார் என்று அறிவித்தது இங்கேதான். நாடகத்திலும் இயக்குநர் வேஷம் போட்டிருந்த ஓர்பாக்தான் திரையை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். 46ஆம் தெருவில் 'சிகாகோ' நடந்த அரங்கு, இப்போது பெயர் ரிச்சர்ட் ராஜர்ஸ். 45ல் இம்பீரியல், 'கார்னிவல்'. 44ல் ஷூபர்ட், 'ப்ராமிசஸ், ப்ராமிசஸ்'. பத்துத் தெருவுக்குள் முடிந்துவிடும், நல்ல செருப்புக்கூட வேண்டாம்.