பூங்காவுக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது நகரங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பூங்கா அமைக்கும் நகரங்கள் பலவும் மக்களிடம் கருத்துக் கேட்கத்தான் செய்கின்றன. எப்போது கேட்கின்றன என்பதில்தான் கோளாறு. இடம் முடிவாகி, நிதி ஒதுக்கப்பட்டு, வண்ண வரைபடங்கள் சுவரில் ஏறிய பிறகு கூட்டம் கூட்டுகிறார்கள். நீரூற்று வட்டமாக இருக்கலாமா, சதுரமாக இருக்கலாமா என்று கேட்கிறார்கள். வந்தவர்கள் ஏதோ சொல்லிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் செல்கிறார்கள். ‘பொதுமக்கள் கருத்து பெறப்பட்டது’ என்று கோப்பில் ஒரு வரி சேர்கிறது. மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லாத நேரத்தில் பெறும் கருத்தால் யாருக்கும் பயனில்லை. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் குடிமக்களின் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வகுத்துக் காட்டினார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து 4ஆவது படி. அத்தோடு நின்றுவிட்டால் அது பெயரளவிலான பங்கேற்புதான் என்றார் அவர். அதிகாரம் மக்களோடு பகிரப்படுவது 6ஆவது படியில்தான் தொடங்குகிறது. எல்லாப் பூங்காவும் உச்சிப் படியில் ஏறியாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நிர்வாகம் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு தாள் போதும். ஒரு பக்கத்தில் மாற்ற முடியாதவை: நிலத்தின் எல்லை, மொத்த நிதி, அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய், மேலே போகும் உயரழுத்த மின்கம்பி. மறுபக்கத்தில் பேசி முடிவெடுக்கக்கூடியவை: வாயில்கள் எங்கே, விளையாட எவ்வளவு இடம், விளக்குகள் எத்தனை மணி வரை, நாய்களை அழைத்து வரலாமா. பழைய ஆலையோ குப்பைக் கிடங்கோ இருந்த நிலமென்றால், மண் பரிசோதனை முடிவும் கூட்டத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். காய்கறித் தோட்டம் போடலாம் என்று ஆசை காட்டிவிட்டு, மண்ணில் ஈயம் இருக்கிறது என்று பிறகு கையை விரித்தால், அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

இடத்தைத் தேர்வு செய்யும்போதே மக்களைச் சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமை வெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் பொதுவான அளவுகோல். அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் வட்டம் போட்டால் கணக்கு சரியாகத்தான் வரும். வட்டத்துக்கு நடுவே ஆறு வழிச் சாலையோ ரயில் பாதையோ குறுக்கிட்டால், அந்த 300 மீட்டர் நடக்கவே முடியாத தூரமாகிவிடும். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கும் தாய்க்கு இது தெரியும். வரைபடத்துக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு வராதவர்கள்

வேலை நாளின் மாலையில், அரங்கில், ஒலிபெருக்கி வைத்து நடக்கும் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ஓய்வு பெற்றவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், மேடைக் கூச்சம் இல்லாதவர்கள். அவர்கள் சொல்வதும் கேட்க வேண்டியதுதான். ஆனால் இரவுப் பணிக்குச் செல்பவர், வாடகைக்குக் குடியிருப்பவர், பதின்வயதுப் பெண், சக்கர நாற்காலியில் நகர்பவர் ஆகியோர் வராத கூட்டத்தின் முடிவை ‘மக்களின் விருப்பம்’ என்று அழைப்பது அநியாயம்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது வியன்னாவை. அந்நகரப் பூங்காக்களைப் பற்றி 1990களில் நடந்த ஆய்வில், 9 வயதைத் தாண்டியதும் பெண் குழந்தைகளின் வருகை சட்டென்று குறைவது தெரியவந்தது. ஆண் பிள்ளைகளின் வருகையில் அப்படி ஒரு வீழ்ச்சி இல்லை. பூங்கா என்றால் நடுவே ஒரு பெரிய திறந்தவெளி. யார் பலமாக இடம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அது சொந்தம். போட்டி என்று வந்ததும் பெண் குழந்தைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1999இல் இரண்டு பூங்காக்களை நகரம் திருத்தி அமைத்தது. திறந்தவெளியைச் செடிகொடிகளால் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், உள்ளே வர நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் களம் அமைத்தார்கள். விரைவிலேயே சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஒரு கூட்டம் இன்னொன்றைத் துரத்தாமல் எல்லோரும் விளையாடினார்கள். வராதவர்கள் யார் என்று பார்த்ததால்தான் அந்தக் குறை கண்ணில் பட்டது. பள்ளி வாசல், பேருந்து நிறுத்தம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம் என்று அவர்கள் இருக்கும் இடத்துக்கே அலுவலர்கள் போக வேண்டும். கேள்வித்தாளை அவர்கள் பேசும் மொழிகளிலெல்லாம் அச்சிட வேண்டும்.

என்ன கேட்பது

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பது மோசமான கேள்வி. கேட்டால், ஏற்கெனவே பார்த்ததைத்தான் சொல்வார்கள்: ஊஞ்சல், சறுக்குமரம், நடைப்பயிற்சிப் பாதை. ‘மாலை நான்கு மணிக்கு உங்கள் குழந்தை எங்கே விளையாடுகிறது? இருட்டிய பிறகு எந்தத் தெருவைத் தவிர்க்கிறீர்கள்? கடைசியாக எங்கே நிழலில் உட்கார்ந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், வாழ்க்கை வெளிவரும்.

கேட்டால் மட்டும் போதாது, பார்க்கவும் வேண்டும். 1970களில் அமெரிக்க நகர ஆய்வாளர் வில்லியம் ஒய்ட் நியூயார்க்கின் சிறு சதுக்கங்களில் கேமரா வைத்து மக்களைக் கவனித்தார். கூட்டத்திலிருந்து விலகி அமைதியாக இருக்கத்தான் விருப்பம் என்று சொன்னவர்கள், நடைமுறையில் ஆட்கள் அதிகம் இருந்த இடத்தையே தேடி உட்கார்ந்தார்கள். எங்கே உட்கார வசதி இருந்ததோ அங்கேதான் கூட்டம் இருந்தது. உத்தேசித்த நிலத்தை விடியற்காலை, நண்பகல், மாலை, இரவு என்று வெவ்வேறு நேரங்களில், வேலை நாளிலும் விடுமுறையிலும் போய்ப் பார்த்துக் குறிப்பெடுப்பதற்குப் பெரிய செலவில்லை. ‘காலி நிலம்’ என்று கோப்பில் எழுதப்பட்ட இடத்தில் யாரோ துணி உலர்த்துவதும், குறுக்கு வழியாக நடப்பதும், பந்து விளையாடுவதும் அப்போதுதான் தெரியும்.

வரைபடத்தை எல்லோராலும் படிக்க முடியும் என்று நினைப்பதும் தவறு. மேலிருந்து பார்த்து வரைந்த தளப்படம் பலருக்குப் புரிவதில்லை. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். அந்த நிலத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு, இது பாதை, இது மேடை என்று காட்டி, மக்களை நடக்கவிடுங்கள். கையால் தூக்கி வைக்கக்கூடிய நாற்காலிகளைச் சில வாரம் போட்டு வையுங்கள். எங்கே நகர்த்துகிறார்கள் என்பதே அவர்களுடைய கருத்து.

பிறகு வாக்கெடுப்பு. செயற்கை நீரோடையா, பாறை ஏறும் சுவரா என்பதை வாக்குக்கு விடலாம். சரிவுப்பாதை, கழிப்பறை, குடிநீர், நிழல் ஆகியவற்றை விடக்கூடாது. கண் தெரியாத ஒருவர் தடவி அறியும் பாதைக்குப் பெரும்பான்மை வாக்கு சேர்க்க வேண்டிய நிலை வந்தால் அந்தக் கூட்டத்தை நடத்தியவர்தான் தவறு செய்தவர்.

வாடகையைப் பற்றிப் பேசாமல் இருப்பது

நல்ல பூங்கா வந்தால் சுற்றியுள்ள வீடுகளின் விலை ஏறும். யாருக்காகக் கட்டினோமோ அவர்களே வாடகை கட்ட முடியாமல் வெளியேறலாம். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில் பாதையைப் பூங்காவாக மாற்றி 2009இல் திறந்த ‘ஹை லைன்’ உலகப் புகழ் பெற்றது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் ஹாமண்டே, அக்கம்பக்கத்து மக்களுக்குச் செய்ய நினைத்ததில் தோற்றுவிட்டோம் என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதிலாக, உங்களுக்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் வருத்தம். வாஷிங்டனில் 11ஆவது தெருப் பாலப் பூங்காவுக்குத் திட்டமிட்டவர்கள் வேறு வழியில் போனார்கள். கட்டுமானம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாக, 2015இலேயே வீட்டுவசதி, வேலைவாய்ப்பு, சிறு வணிகம் ஆகியவற்றுக்கான திட்டத்தை வெளியிட்டார்கள். வாடகையைப் பற்றிய பேச்சைப் ‘பூங்காத் துறையின் வேலை அல்ல’ என்று தள்ளிவைக்கும் நகரங்கள் இதைப் படிக்க வேண்டும்.

கேட்ட பிறகு மௌனம் காப்பதும் பரவலான தவறு. எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று எழுதி அந்த நிலத்தின் வேலியிலேயே ஒட்டிவையுங்கள். மறுப்புக்குக் காரணம் சொன்னால் மக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. கட்டுவதற்கான பணம் ஒரு தலைப்பில் வரும். தண்ணீர் ஊற்ற, கழிப்பறை கழுவ, விளக்கு மாற்ற ஆண்டுதோறும் ஆகும் செலவு வேறு தலைப்பிலிருந்து வர வேண்டும். எந்த வசதிக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்ற விவரத்தைக் கூட்டத்திலேயே வைத்தால், நீரூற்று கேட்டவர்களே மரங்களைத் தேர்ந்தெடுக்கக்கூடும். கட்டுமான நிதியிலும் ஒரு பங்கைத் திறப்பு விழாவுக்குப் பிந்தைய முதல் ஆண்டுக்காக ஒதுக்கி வைக்க வேண்டும். புல்தரையில் மக்கள் நடந்து நடந்து தாங்களே போட்டுக்கொண்ட தடத்துக்குக் கல் பதிக்க, யாரும் உட்காராத இருக்கையை நிழலுக்கு மாற்ற அந்தப் பணம் வேண்டும். எதற்குச் செலவிடுவது என்பதை, முதல் கூட்டத்துக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் மறுபடி கேட்டு முடிவு செய்யலாம்.