காட்டுக்கு உதவப் போய்க் காட்டைக் கெடுக்கும் தவறுகள்

சரணாலயத்தில் தன்னார்வப் பணிக்கு வருகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. போனதற்கு அடையாளமாக எதையாவது வெட்டியோ நட்டோ ஆக வேண்டும் என்ற அவசரம்தான் சிக்கல்.

உண்ணிச்செடியைப் பாருங்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புதராக மண்டி, மான் மேய்வதற்குப் புல்லே இல்லாமல் செய்கிற செடி. புதிதாக வருகிறவர் அரிவாளால் இடுப்பளவில் வெட்டித் தள்ளுவார். இடம் பளிச்சென்று ஆகிவிடும், போட்டோவும் நன்றாக வரும். அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு தண்டு கிளம்பும். தண்டும் வேரும் சேருகிற கணு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும். துளிர் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கும் அடியில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். அதுவும் காய் பழுப்பதற்கு முன்பே. பழுத்துவிட்டால் கொண்டைக்குருவிகள் தின்று ஊரெல்லாம் விதைத்துவிடும். வெறுமையான இடத்தில் உள்ளூர்ப் புல் விதையைத் தூவாமல் விட்டால், அப்புறம் பார்த்தீனியக் களை வந்து உட்காரும்.

அடுத்தது மரக்கன்று மோகம். எல்லா இடமும் மரத்துக்கான இடம் அல்ல. நீலகிரியின் உயர்மலைப் புல்வெளிகளில் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டதால் நீலகிரி நெட்டைக்காலி போன்ற புல்வெளிப் பறவைகள் இடமிழந்தன. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்திலும் உள்ளான் போன்ற நீர்க்கரைப் பறவைகளுக்கு வேண்டியது ஆழமில்லாத நீரும் திறந்த சேறும்தான். அங்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி மரம் வைப்பது அவற்றின் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குவது.

காய்ந்த மரத்தையும் சருகையும் குப்பையாகப் பார்ப்பது இன்னொரு தவறு. பட்ட மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தை குடியிருக்கலாம். பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் மட்டும் பொறுக்கினால் போதும்.

கோடையில் பொட்டல் வெளியில் நடக்கும்போது காலடியைப் பாருங்கள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது. தரையில் ஒரு சின்னக் குழி, அதில் மண்ணிறத்தில் கரும்புள்ளியோடு நாலு முட்டை. கூழாங்கல் என்றே நினைப்போம். தலைக்கு மேல் அது கத்திக்கொண்டே சுற்றினால், சரி, முட்டை பக்கத்தில்தான் இருக்கிறது என்று வந்த வழியே திரும்பிவிடுங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை வேண்டாம்.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே எதையும் வெட்டாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் நல்லெண்ணத்துக்கு விலக்கு தருவதில்லை.

முதல் நாள் வேலைக்குப் பேருந்து நிறைய ஆள் வரும். சில மாதம் கழித்து, அதே இடத்தில் முளைத்திருக்கும் உண்ணிக் கன்றுகளைப் பிடுங்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. மழை விட்ட மறுநாள் போனால் மண் இளகியிருக்கும், கையால் இழுத்தாலே வேரோடு வந்துவிடும்.